உளைவா, நோவா? நடனம் பழகும் பிள்ளைகளின் கால்களைப் பார்த்துக்கொள்வது எப்படி

ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பரதநாட்டிய வகுப்பு. காலால் தரையைத் தட்டும் தட்டடவு இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டிப்பு வேகத்தில், போய்க்கொண்டிருக்கிறது. மூன்றாம் வரிசையில் நிற்கும் பிள்ளை வலது காலைத் தட்டுகிறாள், இடது காலை வைக்கிறாள். தட்டவில்லை, வைக்கிறாள். நான் தாளம் தட்டும் தட்டுக்கழியை நிறுத்தாமலே அது காதில் விழும். நிறுத்திவிட்டு, "என்ன பிள்ளை, கால் நோகுதோ?" என்று கேட்டால், "ஒண்டுமில்லை ரீச்சர்" என்பாள்.

நான் இருபது வருடத்துக்கு மேலாகப் பழக்குகிறேன். என்னிடம் பழகியவர்களில் மாதக்கணக்காக ஆட முடியாமல் இருந்த பிள்ளைகள் எல்லாரும் முதலில் இந்த "ஒண்டுமில்லை"யைச் சொன்னவர்கள்தான். காரணம் விளங்காததல்ல. இன்னும் இரண்டு கிழமையில் தமிழ்மொழித்தினப் போட்டி. நோகுது என்றால் தன் இடம் இன்னொருத்திக்குப் போய்விடும். அல்லது வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குக் காசு கட்டியாயிற்று, அம்மா ஏசுவா. எட்டு வயதுப் பிள்ளைக்கும் இந்தக் கணக்குத் தெரியும்.

புதிதாக வகுப்புத் தொடங்கியவர்களுக்கும், போன விஜயதசமிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்த பெற்றோருக்கும், சாதாரண தரத்துக்கு நடனத்தைப் பாடமாக எடுத்த பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை. மருந்து சொல்லப்போவதில்லை. வைத்தியரிடம் எப்போது ஓட வேண்டும், எப்போது வீட்டிலேயே பார்க்கலாம், அந்த நிலைமை வராமலே இருக்க என்ன செய்யலாம், இவ்வளவும்தான்.

முதல் வேலை: வலிக்குப் பெயர் வைக்கப் பழக்குங்கள்

எங்கள் ஊர்ப் பேச்சில் இதற்குத் தேவையான சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. உளைவு வேறு, நோ வேறு. முழுநாளும் ஆடிவிட்டு இரவில் தொடையும் கெண்டைக்காலும் ஒரு மாதிரி இழுத்துக்கொண்டு கிடப்பது உளைவு. அது தசையின் களைப்பு. அடுத்த நாள் கூடி, மூன்றாம் நாள் போய்விடும். இரண்டு காலிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். அதற்காக வகுப்பை நிறுத்தத் தேவையில்லை. கொஞ்சம் மெதுவாக ஆடினால் குறையவும் செய்யும்.

நோ அப்படியில்லை. ஓர் இடத்தில் நிற்கும், பெரும்பாலும் ஒரு காலில்தான். ஆட ஆடக் கூடும். "சுள்ளெண்டு குத்துது", "தெறிக்குது", "மடக்கேக்கை பிடிக்குது" என்று பிள்ளை சொன்னால் அது நோ. 

பிள்ளை நோகுது என்றவுடன் நான் கேட்பது ஒன்றுதான்: "தொட்டுக் காட்டு." உள்ளங்கையால் தடவி "இந்த இடமெல்லாம்" என்று காட்டினால் பெரும்பாலும் தசை. ஒற்றை விரலை எலும்பின்மேல் குத்தி "இதிலைதான்" என்றால் நான் கவனமாகிவிடுவேன். முன்னங்கால் எலும்பில் இது மிக முக்கியம். கணுக்காலுக்கு மேலே, எலும்பின் உட்கரை நெடுக நாலைந்து விரற்கடைக்குப் பரவலாக நொந்தால், அது எலும்பைச் சுற்றிய திசுக்கள் அதிர்ச்சி தாங்காமல் நோகிற நிலை. ஓய்வெடுத்து, தட்டுவதைக் குறைத்தால் ஆறும். ஒரு காசளவு இடத்தில் மட்டும் நொந்து, இரவில் படுத்திருக்கும்போதும் நொந்தால், எலும்பில் மயிரிழை வெடிப்புத் தொடங்கியிருக்கலாம். அதன்மேல் தொடர்ந்து தட்டினால் வெடிப்பு முறிவாகும். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: இந்த வெடிப்பு முதல் இரண்டு மூன்று கிழமைக்கு எக்ஸ்றேயில் தெரியாமல் போகலாம். "படத்தில ஒண்டுமில்லையாம்" என்ற சந்தோசத்தில் அடுத்த நாளே பிள்ளையைத் தட்ட விடாதீர்கள். நோ நிற்கிறதென்றால் திரும்பவும் போய்க் காட்டுங்கள்.

இந்தச் சொற்களைப் பழக்கினால் மட்டும் போதாது, சொல்லுகிற பிள்ளைக்கு நட்டம் வரக் கூடாது. என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. நோவைச் சொன்ன பிள்ளையின் இடம் போகாது. அன்றைக்கு அவள் ஆடமாட்டாள். ஆனால் என் பக்கத்தில் இருந்து தட்டுக்கழி பிடிப்பாள், சொற்கட்டு, அதாவது ஆட்டத்துக்கான தாளச் சொற்களை, சொல்லுவாள், தாளம் போடுவாள். இப்போது தட்டுக்கழி ஆசையில் பொய்க்கு நோகுது என்று வருகிற சின்னதுகளும் இரண்டு மூன்று இருக்கின்றன. பரவாயில்லை. மறைக்கிற பிள்ளையை விடப் பொய் சொல்கிற பிள்ளையைச் சமாளிப்பது லேசு.

தரை

எங்கள் வகுப்புகள் பெரும்பாலும் வீட்டு விறாந்தையிலும் பாடசாலை மண்டபத்திலும் கோயில் மடத்திலும் நடக்கின்றன. எல்லாம் சீமெந்து, அல்லது சீமெந்தின்மேல் மாபிள். நாங்கள் தட்டுகிற தட்டை அது கொஞ்சமும் வாங்காது, அப்படியே காலுக்குத் திருப்பித் தரும். பழைய காலத்துச் சாணம் மெழுகிய மண் தரைக்குக் கொஞ்சம் இளக்கம் இருந்தது. பலகை மேடை, அடியில் வெளி விட்டுச் சட்டம் போட்டு அடித்ததென்றால், எல்லாவற்றிலும் நல்லது. அதற்கு வசதி இல்லாதவர்கள்தான் அதிகம், நானும் அதில் ஒருத்தி.

சீமெந்தில் ஆடத்தான் வேண்டுமென்றால், முழுப்பலத்தோடு தட்டுவதையும் குதிப்பதையும் வகுப்பின் ஒரு பகுதிக்குள் அடக்குங்கள். சொற்கட்டு, கை, பார்வை, இடம் மாறுவது எல்லாம் பழக்கும்போது கால் மெதுவாகப் பட்டால் போதும். ஒரு ஜதியை (அடவுகளின் தொடரை) பத்துத் தரம் ஆடுகிறோமென்றால் பத்துத் தரமும் தரை அதிரத் தேவையில்லை, மூன்று தரம் அதிரட்டும். பாயையோ கம்பளத்தையோ சீமெந்தில் விரித்து ஆட விடாதீர்கள். அது வழுக்கும். குழந்தைகள் விளையாடுகிற தடித்த ரப்பர் விரிப்பும் எனக்குப் பிடிப்பதில்லை. கால் புதைந்து கணுக்கால் ஆடுகிறது.

கோயில் திருவிழா மேடைகளில் வேறு வில்லங்கம். பின்னேரம் அடித்த மேடையில் இரவு ஆட்டம். பலகைகளுக்கு நடுவே விரல் போகிற நீக்கல், தலை நீட்டிய ஆணி, குறுக்கே மைக் வயர். ஆட்டத்துக்கு அரை மணித்தியாலம் முன்னர் போய், வெறுங்காலால் மேடை முழுக்க நீங்களே ஒருக்கால் நடந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியாதது காலுக்குத் தெரியும். துருப்பிடித்த ஆணி ஏறினால் கழுவிக் கட்டிவிட்டு நிற்காமல், ஏற்பு ஊசி தேவையோ என்று அன்றைக்கே ஆஸ்பத்திரியில் கேளுங்கள். தரம் 7 இல் பாடசாலையில் ஏற்றிய ஊசி அட்டையை அம்மாமார் எடுத்து வைத்திருந்தால் அங்கே வேலை சுலபம்.

அரைமண்டியைச் சோக்கட்டியால் பாருங்கள்

அரைமண்டி என்பது முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்துப் பாதி இருக்கும் நிலை. முழங்கால் நோவுகளில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது என்பது என் அனுபவம். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பாதம் இரண்டும் பக்கவாட்டில் நேர்கோடாகத் திரும்ப வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. ஆனால் கால் திரும்புவது பாதத்திலோ முழங்காலிலோ இல்லை, இடுப்பு மூட்டில். அந்த மூட்டு எவ்வளவு திரும்பும் என்பது பிறவியிலேயே எலும்பின் வடிவத்தில் எழுதியிருக்கிறது. சிலருக்கு நன்றாகத் திரும்பும், சிலருக்குத் திரும்பவே திரும்பாது. திரும்பாத பிள்ளை என்ன செய்யும்? பாதத்தை மட்டும் தரையில் அழுத்திப் பிடித்துத் திருப்பி வைக்கும். பாதம் ஒரு பக்கம் பார்க்க, முழங்கால் இன்னொரு பக்கம் பார்க்கும். ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி நடுவில் முழங்கால் முறுகும். பாதத்தின் உள்வளைவும் சரிந்து விழும்.

பார்ப்பதற்கு ஒரு சோக்கட்டி போதும். பிள்ளையைக் கால் நீட்டி நேரே நிற்கச் சொல்லுங்கள். குதிக்கால் இரண்டும் சேர்ந்திருக்க, தொடையிலிருந்து காலைத் திருப்பச் சொல்லுங்கள். தரையைப் பிடிக்காமல் பாதம் தானாக எங்கே வந்து நிற்கிறதோ, அங்கே இரண்டு பக்கமும் கோடு கீறுங்கள். இப்போது மெதுவாக அரைமண்டி இருக்கட்டும். முன்னால் குந்தியிருந்து பாருங்கள். முழங்கால் நடுவிலிருந்து ஒரு நூல் தொங்கவிட்டால் அது பெருவிரலுக்கு அடுத்த விரலுக்கு நேரே விழ வேண்டும். பெருவிரலுக்கும் உட்பக்கமாக விழுந்தால் பாதம் அளவுக்கு மிஞ்சித் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். முழங்காலைப் பிடித்துப் பின்னால் தள்ளாதீர்கள், பாதத்தைக் கொஞ்சம் உள்ளே கொண்டுவாருங்கள். அந்தப் பிள்ளையின் அரைமண்டி இப்போதைக்கு அதுதான். இடுப்புத் தசை பலப்பட, மாதக்கணக்கில் கோடு கொஞ்சம் விரியும். விரியாமலும் விடலாம். கோடு குறுகியதால் எந்தப் பிள்ளையும் கெட்ட ஆட்டக்காரி ஆகிவிடுவதில்லை.

அப்படியே பக்கவாட்டிலும் ஒரு பார்வை. ஆழமாக இருக்க வேண்டும் என்று இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி நாரியை வளைக்கிற பிள்ளைகள் நிறைய. நாரி நோ என்று பிறகு வருவதும் அவர்கள்தான். சுவரில் முதுகைச் சாய்த்து, நாரிக்கும் சுவருக்கும் இடையில் உள்ளங்கை மட்டும் போகிற அளவு வெளியோடு அரைமண்டி இருந்து பழகட்டும். ஆழம் குறையும், குறையட்டும். பின்னுக்கு வளையும்போது மட்டும் நாரியில் ஒரு புள்ளியில் குத்துகிறது என்று பதின்ம வயதுப் பிள்ளை சொன்னால், அதை உளைவுக் கணக்கில் சேர்க்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

தட்டுவதிலும் இப்படி ஒரு பிழை இருக்கிறது. சத்தம் வேண்டுமென்று குதிக்காலால் இடிக்கிறார்கள். உள்ளங்கால் முழுவதும் ஒன்றாகத் தட்டையாக விழுந்தால்தான் நல்ல சத்தம். காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிக்கால் குத்துகிறது என்று பிள்ளை சொன்னால், முதலில் அவள் எப்படித் தட்டுகிறாள் என்று பாருங்கள்.

சூடு பிடிக்க வைத்தல்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் எல்லாருக்கும் தெரியும், எவரும் செய்வதில்லை. வகுப்புக்கு வந்தவுடன் பத்து நிமிடம்: நடை, மெல்லிய ஓட்டம், தோள் சுற்று, இடுப்புச் சுற்று, கணுக்கால் சுற்று, குதி உயர்த்தி இறக்குதல். உடம்பு மெல்ல வேர்க்கத் தொடங்கினால் சரி. பிறகு அடவுகளை முதலாம் காலத்தில் தட்டாமல் ஒரு சுற்று. எங்கள் முறையில் மூன்று காலம் இருப்பதே உடம்பை ஏற்றிக்கொண்டு போகத்தான் என்று எனக்குத் தோன்றும். நேரம் இல்லை என்று நேராக மூன்றாம் காலத்தில் தொடங்குவது அந்த முறையையே உதறுவது. காலை நீட்டி, நெடுநேரம் பிடித்து வைத்து இழுக்கும் பயிற்சிகளை வகுப்பு முடிவில் வையுங்கள். ஆடுவதற்கு முன்னர் அப்படி இழுத்தால் தசையின் வேகம் குறையும்.

ஒற்றைக் காலில் நிற்பதை மட்டும் ஒரு நாளும் விடாதீர்கள். ஒவ்வொரு காலிலும் 30 செக்கன், பிறகு கண்ணை மூடி நிற்கப் பார்க்கட்டும். பல் தீட்டும்போதே வீட்டில் செய்யலாம். கணுக்கால் திரும்பத் திரும்பச் சுளுக்குவதைத் தடுக்க இதைவிட மலிவான மருந்து இல்லை.

கிழமைக் கணக்கு

ஒரு பிள்ளையின் கிழமையை எழுதிப் பாருங்கள். ஞாயிறு என்னிடம் இரண்டு மணித்தியாலம். பாடசாலையில் நடனப் பாடம். போட்டிக்குப் பின்னேரப் பயிற்சி. விளையாட்டுப் போட்டிக் காலமென்றால் இல்லத்துக்கு ஓட்டமும் உண்டு. இதற்கிடையில் ரியூசனுக்குச் சைக்கிள் ஓட்டம். எனக்கு என் இரண்டு மணித்தியாலம்தான் தெரியும், பாடசாலை ரீச்சருக்கு அவருடையது. முழுவதையும் அறிந்தது அந்தப் பிள்ளையின் கால் மட்டும். ஆகவே பெற்றோர்தான் கூட்டிச் சொல்ல வேண்டும்: "ரீச்சர், இந்தக் கிழமை அவளுக்குப் பள்ளிக்கூடத்திலை நாலு நாள் பயிற்சி." அப்படிச் சொன்னால் நான் அன்றைக்குக் குதித்து மெட்டடவை விட்டுவிட்டு அபிநயம் எடுப்பேன்.

காயங்கள் குவிகிற காலம் போட்டிக்கும் பரீட்சைக்கும் அரங்கேற்றத்துக்கும் முந்திய மூன்று நாலு கிழமை. கிழமைக்கு மூன்று மணித்தியாலம் ஆடிய பிள்ளை திடீரென்று பத்து மணித்தியாலம் ஆடுகிறாள். எலும்புக்கும் நரம்புக்கும் அந்தச் செய்தி போய்ச்சேர நேரம் வேண்டும். பரீட்சைத் திகதி மாதக்கணக்குக்கு முன்னரே தெரியும், அப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கிழமையில் ஒரு நாள் முழு ஓய்வு, அதில் பேரம் பேசாதீர்கள். எங்களுக்குப் பெரிய ஆபத்து எங்கே தெரியுமா? கிராமிய நடனப் போட்டியில். சுளகு நடனத்துக்கும் அருவி வெட்டு நடனத்துக்கும் ஆள் காணாது என்று, ஒரு நாளும் ஆடாத பிள்ளைகளையும் மூன்று கிழமைக்கு முன்னர் பிடித்து நிறுத்திவிடுகிறோம். அவர்களுக்குக் குதிப்பைக் குறைத்து, நடையையும் அசைவையும் கூட்டி அமைப்பது ரீச்சரின் கெட்டித்தனம்.

இன்னொரு கணக்கு வளர்த்தி. பெண்பிள்ளைகள் பத்துப் பதினொரு வயதிலும், பையன்கள் இரண்டு வருடம் பிந்தியும் திடீரென்று நீளுவார்கள். எலும்பு முந்திக்கொள்ளும், தசை பிந்தும். அந்தக் காலத்தில் முழங்காலுக்குக் கீழே புடைத்த எலும்பிலும் குதிக்காலின் பின்புறத்திலும் நோ வரும். நேற்று வரை வந்த அடவு இன்றைக்கு வராது, பிள்ளைக்கே தன் கால் எங்கே இருக்கிறது என்று தெரியாத மாதிரி இருக்கும். சோம்பல் என்று ஏசாதீர்கள். கதவு நிலையில் பென்சிலால் உயரத்தைக் குறித்து வாருங்கள். மூன்று மாதத்தில் இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் ஏறினால் அந்தப் பருவத்தில் முழுமண்டியையும் (முழங்காலை முழுக்க மடித்துக் குந்துவது) குதிப்பையும் குறையுங்கள்.

சாப்பாடும் தண்ணீரும், சொல்லக் கூச்சப்படும் விசயமும்

மெலிந்தால்தான் மேடையில் வடிவு என்று யாரோ சொல்லிக் கேட்டுப் பிட்டையும் சோற்றையும் குறைக்கிற பிள்ளைகள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். சாப்பாடு காணாத உடம்பு முதலில் எலும்பில் கைவைக்கும். மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதம் வராமல் நின்றாலும், 15 வயதாகியும் பிள்ளை பெரியபிள்ளை ஆகாவிட்டாலும், அதை நல்ல காலமென்று நினைக்காமல் வைத்தியரிடம் போங்கள். ரீச்சர்மார் இதைத் தாய்மாரோடு வெளிப்படையாகப் பேச வேண்டும்.

நெத்தலி, முருங்கையிலை, எள்ளுருண்டை, குரக்கன் பிட்டு, பயறு, முட்டை: எலும்புக்கும் இரத்தத்துக்கும் வேண்டியது எங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது. சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடிக்கும் பழக்கத்தை மட்டும் ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள். தேயிலை இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. சித்திரை, வைகாசி வெக்கையில் வகுப்பென்றால் இருபது நிமிடத்துக்கு ஒருக்கால் தண்ணீர். நெடுநேரம் வேர்த்துக் களைத்தவர்களுக்கு ஜீவனியைப் பக்கற்றில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். ஆடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்த பிள்ளையை "சாப்பிடேல்லைப் போல" என்று விட்டுவிடாதீர்கள். வைத்தியர் பார்த்த பிறகுதான் அடுத்த வகுப்பு.

சுளுக்கிவிட்டது, இப்போது என்ன?

எனக்குப் பதினைந்து வயதில் நடந்தது. கோயில் மேடை, தில்லானா, குதித்து இறங்கிய இடத்தில் பலகை ஆடியது. வலது பாதம் உள்பக்கமாக மடிந்து வெளிக் கணுக்காலில் "டொக்" என்று ஒரு சத்தம். நிறுத்தவில்லை. சிரித்துக்கொண்டே முடித்தேன். அன்றிரவே வீட்டில் நல்லெண்ணெய் சூடாக்கி, சொந்தத்தில் ஒருவர் கணுக்காலைப் பிடித்து அழுத்தி உருவிவிட்டார். அன்பினால்தான். விடியக் கால் பூசணிக்காய் மாதிரி இருந்தது. ஆறு மாதம் ஆடவில்லை. இன்றைக்கும் மாரி காலத்தில் அந்தக் கணுக்கால் ஞாபகப்படுத்தும்.

அன்றைக்கு நடந்திருக்க வேண்டியது இதுதான். உடனே நிறுத்தி, பிள்ளையை இருத்தி, சதங்கையைக் கழற்றுங்கள். வீங்கத் தொடங்கினால் பிறகு வாரை அவிழ்ப்பது பெரும்பாடு. காலைத் தலையணையில் உயர்த்தி வையுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். நேரே தோலில் வைத்தால் தோல் கருகும். ஐஸ் இல்லையென்றால் பக்கத்துக் கடையில் ஐஸ் பக்கற் நாலு வாங்கித் துவாயில் சுற்றுங்கள், அது காணும். ஐஸ் நோவைக் குறைக்கத்தான், காயத்தை மாற்றாது. இதைக் கட்டாயம் வை என்று 1978 இல் எழுதிய அமெரிக்க வைத்தியரே பின்னாளில் அது ஆறுவதைப் பிந்தச் செய்யலாம் என்று சொல்லிவிட்டார். ஆகவே நாள் முழுக்க வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். பிறகு கிறேப் பண்டேஜை விரலடியிலிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். விரல் நுனி குளிர்ந்தாலோ நீலம் பாரித்தாலோ விறைத்தாலோ இறுக்கம் கூடிவிட்டது, அவிழ்த்துச் சுற்றுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் சூடு வேண்டாம், உருவுதல் வேண்டாம். அம்மம்மா கோபிப்பா. உள்ளே கிழிந்த இடத்தில் இரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது சூடும் உருவலும் அதைக் கூட்டும் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். சித்தாலேப பூசி அழுத்தித் தேய்ப்பதும் உருவுதல்தான். வீக்கம் வற்றிய பிறகு எண்ணெய் தடவுவதில் எனக்கு ஒரு சண்டையுமில்லை.

முறிவு நெரிவு வைத்தியரிடம் போகலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். எங்கள் ஊரில் கைராசியுள்ள பரியாரிமார் இருந்தார்கள், இருக்கிறார்கள். என் பதில் ஒன்றுதான்: முதலில் எக்ஸ்றே, பிறகு உங்கள் விருப்பம். முறிந்த எலும்பை முறியவில்லை என்று நினைத்து இழுத்துக் கட்டினால், திருத்துவது கடினம். வளர்கிற பிள்ளையின் எலும்பு முனையில் வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அது பழுதுபட்டால் கால் வளர்வதே கோணலாகலாம்.

எக்ஸ்றே தேவையா என்று தீர்மானிக்க வைத்தியர்கள் பார்க்கிற அடையாளங்கள் சில உண்டு, நீங்களும் பார்க்கலாம். விழுந்தவுடனும் இப்போதும் நாலடி நடக்க ஏலாமல் இருக்கிறதா? நொண்டி நொண்டி என்றாலும் நாலடி போனால் நடந்ததாகக் கணக்கில் எடுக்கலாம். கணுக்காலின் இரு பக்கமும் புடைத்து நிற்கும் எலும்பின் நுனியிலோ பின்கரையிலோ அழுத்த நோகிறதா? சின்னவிரலிலிருந்து பின்னால் வர, பாதத்தின் வெளிக்கரை நடுவில் ஒரு எலும்பு முட்டும். அங்கே நோகிறதா? உள்வளைவின் மேலே உள்ள எலும்பில்? ஒன்றுக்கு ஆமென்றாலும் ஆஸ்பத்திரி. வடிவம் மாறிக் கோணலாகத் தெரிந்தாலோ, பாதம் விறைத்துக் குளிர்ந்தாலோ, முழங்காலில் "டொக்" என்று சத்தம் கேட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் வீங்கினாலோ, மூட்டு வீக்கத்தோடு காய்ச்சல் அடித்தாலோ யோசிக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2018 இலிருந்து எங்கள் மாகாணத்திலும் ஓடுகிறது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும், ஆனால் தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகள் கிட்டவென்றால் அங்கே போங்கள். வைத்தியரிடம், "பிள்ளை வெறுங்காலில் தரையைத் தட்டி ஆடுகிறவள், இத்தனையாம் திகதி ஆட்டம்" என்று சொல்லுங்கள். "ஓய்வெடுங்கோ" என்பதோடு முடியாமல், இயன்மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சுளுக்குக்குப் பிறகு உடற்பயிற்சி செய்த காலுக்கும் சும்மா கிடந்த காலுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் என் காலிலேயே பார்த்தவள்.

மாத்திரை பற்றி ஒன்று: நோவைக் குறைக்கப் பனடோல் கொடுப்பது வேறு, ஆடுவதற்காகக் கொடுப்பது வேறு. இரண்டாவது வேண்டாம். மாரியில் டெங்குக் காலம், காய்ச்சலும் இருக்கிறதென்றால் புறூபன் போன்ற மாத்திரைகளை வீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கவே கூடாது.

திரும்ப ஆட வைத்தல்

இங்கேதான் அவசரப்படுவோம். கிழமைக் கணக்குப் பார்க்காதீர்கள், படி பார்த்து ஏற்றுங்கள். நோ தாங்கக்கூடிய அளவுக்கு வந்தவுடன் மெல்ல நடக்கத் தொடங்கலாம், படுத்தே கிடக்கத் தேவையில்லை. நொண்டாமல் நடக்கிறாளா? படி இறங்க முடிகிறதா? பிறகு ஒற்றைக் காலில் நிற்கட்டும், நல்ல கால் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு. பிறகு ஒற்றைக் காலில் குதி உயர்த்தி இறக்கட்டும், நல்ல கால் இருபது என்றால் இதுவும் ஏறக்குறைய இருபது. அதற்குப் பிறகுதான் அரைமண்டி. தட்டடவு முதலாம் காலம், தட்டாமல். பிறகு மெல்லத் தட்டி. பிறகு இரண்டாம் காலம். முழுமண்டி, மண்டி அடவு அதற்கும் பிறகு. இரண்டு காலால் குதித்து இறங்குதல், கடைசியாக ஒற்றைக் காலில்.

ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று நாள் நில்லுங்கள். அடுத்த நாள் காலையில் பாருங்கள்: வீக்கம் கூடவில்லை, நோ கூடவில்லை என்றால் மேலே. கூடியிருந்தால் ஒரு படி கீழே. பிள்ளையிடம் கேட்கும்போது "நோகுதோ?" என்று கேட்டால் "இல்லை ரீச்சர்" தான் வரும். "பத்துக்கு எத்தினை?" என்று கேளுங்கள், ஓர் இலக்கம் வரும். இரண்டுக்கு மேல் என்றால் அன்றைக்கு அவ்வளவுதான்.

சதங்கை எல்லாவற்றுக்கும் கடைசி. அதன் பாரம் கணுக்காலுக்குக் கூடுதல் வேலை. கட்டும்போது வார் பழைய வீக்கத்தின்மேல் படாமல், அடியில் மெல்லிய பருத்தித் துணி வைத்துக் கட்டுங்கள். முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். தட்டடவு, இரண்டாம் காலம். நீங்கள் மறுபக்கம் திரும்பி நின்று கேளுங்கள். வலதும் இடதும் ஒரே மாதிரிக் கேட்டால், அடுத்த நாள் பத்து நிமிடம்.